எதிர்ச்சுற்று

வீட்டில் லேத் என்கிற கடைசல் மெஷின் வைத்திருப்பவர் முதலில் வாங்க வேண்டியது ஒரு நல்ல தூரிகை. இரும்பைக் கடையும்போது உதிரும் சுருள்களைக் கையால் தள்ளக் கூடாது. சவரக் கத்தியைவிடக் கூர்மையானவை. நான் இரண்டு தூரிகை வைத்திருந்தேன். உங்கள் தங்கை ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. மேசையில் சிந்திய உப்பை வழிப்பதுபோல வெறும் விரலால் வழித்துப் போடுவாள்.

மச்சான், காரியம் எல்லாம் முடிந்த மறுநாள் நீங்கள் அந்த லேத் அறையில் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தீர்கள். கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்டீர்கள்.

"அந்த ரெண்டு கட்டையும் எப்படி மாப்பிள்ளை ஒண்ணா லூசாகும்?"

"அதிர்வுதான் மச்சான்" என்றேன். நீங்கள் தலையாட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டீர்கள். முப்பது வருஷமாக வெல்டிங் பட்டறை நடத்துகிறவரின் தலையாட்டல் அது. அன்றிலிருந்து வாசலில் எந்த வண்டி நின்றாலும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

லேத்தை வாங்கியவன் நான். நாளெல்லாம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வருகிறவனுக்கு, கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய ஒரு விடை வேண்டியிருந்தது. ஆனால் முதல் நாளிலிருந்தே அது எனக்குப் பயம். ஸ்விட்சைப் போடுமுன் மூன்று தரம் எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பேன். அந்தப் பயம்தான் என் பத்து விரலையும் பத்திரமாக வைத்திருக்கிறது.

அவளுக்குப் பயம் என்பதே கிடையாது. தையல் மெஷினின் தண்டு ஒன்று தேய்ந்துபோய், நான் அதைக் கடைய மூன்று ஞாயிற்றுக்கிழமை யோசித்துக்கொண்டிருந்தபோது, "தள்ளுங்க, நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள துணியே மக்கிப்போயிரும்" என்று சொல்லி, தானே நின்று கடைந்தாள். மைக்ரோமீட்டரில் அளந்தேன். என் அளவைவிடச் சரியாக இருந்தது. இரண்டு வருஷத்தில், உடைந்த சாமானோடு வாசலுக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்து "அக்கா இல்லையா சார்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

பெருமைப்பட்டேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் லேத்தில் ஒரு குணம் உண்டு. உங்களுக்குத் தெரிந்ததுதான்; இதை வேறு யாரும் படிக்க நேர்ந்தால் புரியட்டும் என்று எழுதுகிறேன். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சக், சுழலும் தண்டின் மேல் மரையோடு திருகி ஏற்றப்பட்டது. பாட்டில் மூடி மாதிரி. நேராகச் சுற்றினால் தானே இறுகும். எதிர்ப்பக்கம் சுற்றினால் தானே கழலும். பதினோரு கிலோ.

மரை போடும் வேலையில், இரும்பை வெட்டும் டூல் சக்கை நோக்கி நகர்ந்துகொண்டே போகும். சரியான நொடியில் நிறுத்தாவிட்டால் கடையும் இரும்பின் தடித்த பாகத்தில் முட்டிவிடும். ஒவ்வொரு தடவையும் நான் வியர்த்துப்போவேன். அவள் ஒரு நாள் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"முட்டும்னு பயமா இருந்தா, முட்டாத பக்கமா ஓட்டுங்களேன்."

டூலைத் தலைகீழாக மாட்டி, மோட்டாரை ரிவர்ஸில் போட்டாள். டூல் உள்ளிருந்து வெளியே, வெட்டவெளியை நோக்கி நகர்ந்தது. முட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஒன்பது வருஷம் எனக்குத் தோன்றாதது அது.

ரிவர்ஸில் சக் கழன்றுவிடக் கூடாதே என்று அந்த வாரமே இரண்டு பூட்டுக் கட்டைகள் செய்து, சக்கின் பின்னால் போல்ட் போட்டு இறுக்கினேன். அவளுக்காக நான் செய்தவற்றில் உருப்படியானவை அவைதான். அதற்குப் பிறகும் என் பயம் போகவில்லை. அவள் பின்னல் சுற்றுகிற சக்குக்கு ஒரு சாண் தூரத்தில் தொங்கும். "சுருட்டிக் கட்டு" என்றால், "இருங்க, உங்க பயத்தையும் சேத்துச் சுருட்டிக் கட்டிடுறேன்" என்பாள். நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து மோட்டார் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பேன்.

உங்கள் மகள் நிச்சயதார்த்தத்தில் அவள் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். "இவர் பக்கத்துல வந்து நின்னா லேத்துதான் பயப்படும், மயங்கி மேல விழுந்துருவாரோன்னு." எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

அவளுக்கு ஒரு தடவை பயம் வர வேண்டும் என்று தீர்மானித்தேன். ஒரே ஒரு தடவை. சூடு கண்ட பூனை அடுப்பண்டை சேராது என்பார்கள். மரை போடும்போது மெதுவாகத்தான் ஓட்டுவோம். அந்த வேகத்தில் சக் மெல்லக் கழன்று, லேத்தின் அடித்தளமான பெட் மேல் தொப்பென்று உட்காரும். சத்தம் பெரிதாக இருக்கும். அவ்வளவுதான். போதாததற்குக் கணக்கும் போட்டுப் பார்த்தேன்: எதிர்ப்பக்கம் சுற்றுகிற சக் கீழே விழுந்தால், நிற்கிற ஆளை விட்டு விலகிப் பின்பக்கமாகத்தான் உருளும். படம் வரைந்தே பார்த்தேன். கணக்கு சரி.

அன்று காலை அவள் குளிக்கப் போனபோது பூட்டுக் கட்டைகளின் இரண்டு போல்ட்டையும் இரண்டிரண்டு சுற்று தளர்த்தினேன். கழற்றி எடுக்கவில்லை, பார்வைக்கு இறுக்கமாகவே தெரியும்.

எதிர்வீட்டு நர்ஸம்மாவின் அப்பாவுக்குச் சக்கர நாற்காலி அச்சு ஒன்று வேண்டியிருந்தது. அவள் கடைய ஆரம்பித்தாள். முதலில் நேர்ச்சுற்று, சக் இறுகியே இருந்தது. நான் சமையலறையில் ஒரு டம்ளரைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். மோட்டார் நிற்கும் ஒவ்வொரு முறையும் குழாயை மூடிவிட்டுக் காதுகொடுத்தேன். ஒருமுறை நின்றபின் வெகுநேரம் சத்தமே இல்லை. அப்புறம் அவளே வந்து நின்றாள்.

"என்னங்க, முகம் வெளிறிக் கிடக்கு?"

"ஒண்ணுமில்ல. தலைவலி."

நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். விரலில் எண்ணெய் இருந்ததால் புறங்கை. "காய்ச்சல் இல்ல. போய்ப் படுங்க. மரையைப் போட்டுட்டு வந்து தைலம் தேச்சு விடுறேன். அதுவும் பயமா இருந்தா சொல்லிடுங்க."

சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் தளர்த்தினீர்கள் என்று கேட்பாள் என்று பயந்தேன். அதற்குள் வாசலில் நர்ஸம்மா கூப்பிட, "இதோ, பத்தே நிமிஷம், மரை மட்டும்தான் பாக்கி" என்று பேசப் போய்விட்டாள். பேசிவிட்டு நேரே லேத் அறைக்குப் போனாள்.

சக் தொப்பென்று உட்காரவில்லை. பெட்டில் விழுந்தது, என் கணக்குப்படியே பின்பக்கம் பாய்ந்தது. பின்னால் சுவர் இருந்தது. பதினோரு வருஷம் பார்த்த சுவர். என் படத்தில் அதை நான் வரையவில்லை. அதில் மோதித் திரும்பி அவள் மார்புக்கு வந்தது.

நான் போனபோது உட்கார்ந்த நிலையில் இருந்தாள். "என்னங்க இது, கட்டை..." என்றாள். முடிக்கவில்லை. அவள் கண்ணில் நான் பயத்தைத் தேடினேன். இல்லை. எங்கே பிசகியது என்று யோசிக்கிற முகம் அது.

போலீஸ்காரர் விபத்து என்று எழுதிக்கொண்டு போனார். அவருக்கு லேத் தெரியாது. லேத்தின் வேகத்தை மாற்றும் பெல்ட்டின் மூடியை அவர் திறந்து பார்க்கவில்லை. நீங்கள் அந்த ஒரு மணி நேரத்தில் திறந்தீர்களா என்பது எனக்குத் தெரியவில்லை. தெரியாதது தூங்க விடவில்லை. அதனால் நானே முந்திக்கொள்கிறேன்.

அவள் வேலையில் பிசகவில்லை, மச்சான். கடைந்து முடித்ததும், மரைக்காகப் பெல்ட்டை மெதுவான கப்பிக்கு மாற்றி, மூடியைப் போட்டுவிட்டுத்தான் என்னிடம் வந்தாள். நர்ஸம்மாவோடு அவள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நான் உள்ளே போனேன். மூடியைத் திறந்தேன், பெல்ட்டை மறுபடி வேகமான கப்பியில் ஏற்றினேன், மூடியை முன்பிருந்தபடியே மூடினேன். கை நடுங்கவில்லை. லேத்துக்கு முன்னால் என் கை நடுங்காத ஒரே நாள் அது.

அவள் நன்மைக்காகத்தான் செய்தேன். மெதுவாக விழுந்திருந்தால் அவள் பயந்திருக்க மாட்டாள், சிரித்திருப்பாள்.