கையெழுத்து போடறதுக்கு முன்னால

மனைவி: ...எத்தனை தடவை சொல்றது? அந்தப் பேப்பர்ல கையெழுத்து போடாதீங்க.

கேங்மேன்: ஜன்னலைப் பார்த்துக்கிட்டு என்ன முணுமுணுப்பு? மூஞ்சியைக் காட்டிப் பேசு.

மனைவி: கையெழுத்து போடாதீங்கன்னேன்!

கேங்மேன்: 'பூரணமா குணமாயிட்டேன்'னு போட்டாத்தான் இன்னைக்கு டூட்டி. தண்டவாளம் எனக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?

மனைவி: போட்டுட்டா அப்புறம் நஷ்டஈடு கேட்க முடியாதாம். சங்கத்துக்காரர் படிச்சுப் படிச்சு சொன்னார்.

கேங்மேன்: தோள்பட்டை சேர்ந்தாச்சு. தலையில தையல் ஆறியாச்சு. ரயில் தூக்கி அடிச்சும் முழுசா நிக்கிறேன். இன்னும் எதுக்கு ஈடு?

மனைவி: காதுக்கும் உண்டாம்... ஜல்லி இடிக்கிற மெஷின்கிட்டயே வருஷக்கணக்கா நின்னு காது போனாலும் கேட்கலாமாம். அது நம்ம உரிமையாம். வேற வேலையும் தரணுமாம்.

கேங்மேன்: என் காதுக்கென்ன? பாம்புக் காதுடி எனக்கு! என்ன முறைக்கிற? பூட்ஸ் எங்க?

மனைவி: கட்டிலுக்கு அடியில.

கேங்மேன்: ம்... எங்கயோ உள்ள தள்ளி வச்சிருக்க... குனியவே முடியல...

பக்கத்து வீட்டுக்காரி: என்னக்கா, காலங்காத்தால விசில் சத்தம்? தூக்கிவாரிப் போட்டுடுச்சு!

மனைவி: ஒண்ணுமில்லம்மா... நீ போ.

கேங்மேன்: ஆங், கிடைச்சுது... அட, வாசல்ல யாரு? எப்ப வந்தாங்க?

மனைவி: இப்பத்தான்... ஏங்க, நீங்க லைனுக்குப் போக வேணாம்.

கேங்மேன்: மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா!

மனைவி: ரயில் வந்தா விசில் ஊதத்தானே அன்னைக்கு உங்ககூட வேலை பார்க்கிற நெட்டையனைக் காவலுக்கு நிறுத்தியிருந்தாங்க? அவன் ஊதவே இல்லன்னு விசாரணையில சொன்னீங்க. பாவம், சஸ்பெண்ட் ஆகி வீட்ல கிடக்கிறான்.

கேங்மேன்: இப்ப எதுக்கு அவன் பேச்சு?

மனைவி: நேத்து அவன் பொண்டாட்டி வந்தா. "ஊதினார்க்கா, சத்தியமா ஊதினார்"னு அழுதா. அவன் விசிலை என் கையில கொடுத்துட்டுப் போனா.

கேங்மேன்: அவன் விசிலை நீ எதுக்குடி வாங்கின?

மனைவி: நீங்க பூட்ஸ் தேடறப்போ, உங்க முதுகுக்குப் பின்னாடி நின்னு அதைத்தான் ஊதினேன். மூச்சு முட்ட ஊதினேன். அடுத்த வீட்டுக்காரி ஓடி வந்துட்டா. நீங்க... திரும்பவே இல்ல. வாயைத் திறந்து பேசுங்களேன்... எனக்குப் பயமா இருக்கு.

கேங்மேன்: அன்னைக்கும் அவன் ஊதினான்டி... அடிபட்டு விழறப்போ பார்த்தேன். கன்னம் ரெண்டும் உப்பியிருந்துச்சு.