கழற்றி மாட்டும் அடுப்படி

கும்பகோணத்திலிருந்து திருப்பனந்தாள் போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் வளைகுடாவில் பல காலம் இருந்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்துவிட்டவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“அடுப்படிய எதுக்குங்க கழட்டணும்?” என்று அந்த அம்மா கேட்டபோதுதான் நான் கவனிக்க ஆரம்பித்தேன்.

“நம்ம வீட்டு அடுப்படி இல்ல ஜமீலா. ஜீப்புக்குப் பின்னாடி கட்டுற ட்ரெய்லருக்குப் புதுசா ஒண்ணு செய்யறேன். இரும்புப் பொட்டி. இழுத்தா அடுப்பு வெளில வரும். நாலு போல்ட்டக் கழட்டினா பொட்டியோட எறக்கிடலாம்.”

“எறக்கி?”

“மலைக்குப் போனா மலையில வச்சு சமைக்கலாம். பாலைவனத்துல மொதலாளி வீட்டு ஆளுங்களுக்கு நான் அப்படித்தான் சமைச்சுப் போட்டேன். ஒன்னைத்தான் எங்கயும் கூட்டிட்டுப் போனதில்ல.”

“வீட்ல ஆக்குறது போதாதுன்னு மலைக்கு வேற வந்து ஆக்கணுமா?”

“நீ ஏன் ஆக்கணும்? நான் ஆக்குவேன்.”

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சோழபுரம் தாண்டியதும் அவர் பக்கம் திரும்பினார்.

“அப்ப நான் என்னங்க செய்யறது?”

“சும்மா உக்காந்திரு.”

“எவ்வளவு நேரம்?” என்று நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

“சோறு ஆகுற வரைக்கும்.”