சுவருக்கு அப்பாலிருந்து ஒரு தட்டு

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் மொழிப் பயிற்சி நிலையத்தின் இயக்குநர் அவர்களே, கணவரை இழந்த துயரோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, வியாழக்கிழமை வாய்மொழித் தேர்வுக்குப் போகவிருக்கும் பதினோரு மாணவர்களே! நீங்கள் ஒருவரும் நம்ப மாட்டீர்கள் என்று சத்தியம் செய்து ஒரு கதை சொல்லப் போகிறேன்.

பிரெஞ்சு உச்சரிப்பின் பேராசான், நம் தட்டு வாத்தியார் மறைந்தார். எப்படிப்பட்டவர் அவர்? வினைச்சொல்லை அசை அசையாகப் பிரித்து, அசைக்கு ஒரு தட்டாக மர அளவுகோலால் மேசையில் தட்டியே நாக்கில் ஏற்றியவர். நாம் பேசுகிறோம் என்பதற்குப் 'பார்லோன்', இரண்டு தட்டு. அவர்கள் பேசுகிறார்கள் என்பதற்குப் 'பார்ல்', ஒரே தட்டு. அந்த ஒரு தட்டுக்குக் கீழ்த்தளத்துக் கடையில் லாரி டயர்கள் எழுந்து நின்றன.

நானோ பக்கத்து அறையில் பிரெஞ்சு இலக்கணமும் எழுத்தும் கற்றுத்தருபவன். சேர்ந்த முதல் வாரம் அந்தப் 'பார்ல்' என்பதை எழுதியிருக்கிறபடியே 'பார்லெந்த்' என்று நான் முழங்கியது ஒட்டுப்பலகைச் சுவரைத் தாண்டி அவர் காதில் விழுந்தது.

"ஏன்யா, கடைசி மூணு எழுத்து சும்மாதானே உக்காந்திருக்கு? அதை ஏன் எழுப்புற?"

"எழுதியிருக்கே அண்ணே."

"மருந்து சீட்டுல டாக்டர் பேரும்தான் எழுதியிருக்கு. சேத்து முழுங்குவியா?"

அழாக்குறையாக நின்றேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "வெளிய சொல்லாத. வினைச்சொல்லைத் தமிழ்ல சத்தமா சொல்லிட்டு நில்லு. நான் அந்தப் பக்கத்துலேருந்து சுவத்துல எத்தனை தட்டறேனோ, அத்தனை அசைதான் உன் வாயிலிருந்து வரணும்."

பதினாறு ஆண்டுகள். நான் சொல்வேன், சுவர் தட்டும், பிறகு வாய் திறப்பேன். இடைவெளியை மாணவர்கள் ஆழ்ந்த சிந்தனை என்று எண்ணினார்கள். ஒருநாள் அவர் கோபமாகத் தட்டியதில் என் வகுப்பே இரண்டடி தெற்கே நகர்ந்தது.

போன வெள்ளிக்கிழமை அவர் மருத்துவமனையில். நான் பழக்கத்தில் 'அவர்கள் முடிக்கிறார்கள்' என்று சொல்லிவிட்டு நின்றேன். சுவர் பேசவில்லை. மறுபடி சொன்னேன், இன்னும் சத்தமாக. பின்வரிசைப் பெண் கேட்டாள்: "சார், அதுக்கு பிரெஞ்சுல?" சுண்ணக்கட்டி என் கைவேர்வையில் சேறானது. அவசரமாக எழுத்துத் தேர்வு வைத்தேன். மாலையில் செய்தி வந்தது.

நேற்று மாடிப்படியில் இயக்குநர் சொன்னார்: "இத்தனை வருஷம் பக்கத்து ரூம்ல இருந்தவரு நீங்க. நாளையிலேருந்து அவர் வகுப்பை நீங்களே பாத்துக்குங்க." பயத்தில் ஆடிய தலையை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

யாருக்கு அஞ்சுகிறேன்? இந்தப் பதினோரு பேருக்கு. நான் எழுப்பிவிடும் எழுத்துகளை இவர்கள் தேர்வாளர் முன்னால் எழுப்பினால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன்?

அவர் பணியைத் தொடர்வோம். ஆனால் அவர் நாற்காலியில் நான் உட்கார மாட்டேன். தகுதியான ஒருவரை இயக்குநர் அழைத்துவரட்டும். அதுவரை காலை ஒன்பது மணிக்கு மாணவர் பெஞ்சில் இருப்பேன். அவரிடம் படித்தவர்களே, நீங்கள் தட்டுங்கள், நான் சொல்கிறேன். பிசகினால் மறுபடி தட்டுங்கள்.

டயர்கள் எழுந்தது பொய். வகுப்பு தெற்கே நகர்ந்தது பொய். சுவரைக் கேட்டுத்தான் பதினாறு ஆண்டு பாடம் நடத்தினேன் என்ற ஒரு சின்ன விஷயம் மட்டும், இயக்குநர் அவர்களே, உண்மை.