ஓட்டல் டி.வி.யில் புயல் செய்தி

கும்மிடிப்பூண்டி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த ஓட்டலுக்கு அப்போதுதான் டி.வி. வந்திருந்தது. புயல் அடித்த நான்காம் நாள் மாலை அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பழவேற்காட்டிலிருந்து வந்த ஒரு பெண் முதலாளியிடம் கேட்டாள்.

"அண்ணே, இதுல எங்க ஊட்டுக்காரர காட்டுவாங்களா? கடலுக்குப் போனாரு. மூணு நாளா தேடிக்கினு கீறோம்."

"ஒவ்வொருத்தரா காட்ட மாட்டாங்கம்மா. உக்காரு, நியூஸ் வருது."

ஆந்திரக் கரையில் ஒதுங்கிய ஒரு படகில் நால்வர் உயிரோடு இருப்பதாகச் செய்தி வாசித்தவர் சொன்னார்.

"பாத்தியா, நம்ம ஆளுங்களாத்தான் இருக்கும்" என்றார் முதலாளி.

"பேரு இன்னான்னு சொன்னாங்களா?"

"இல்லம்மா. நாலு பேருன்னுதான் சொன்னாங்க."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் பாட்டு தொடங்கிவிட்டது.

"எங்க படகுல அஞ்சு பேரு போனாங்கண்ணே."