தைத்த முட்டியோடு ரக்பி செலக்‌ஷனுக்கு

“டாக்டர் முட்டியத்தான் தெச்சாரு மாமா, என் வாயைத் தெக்கல.”

அடையாறிலிருந்து தி.நகர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த பெண்தான் அப்படிச் சொன்னாள். கல்லூரி அணியின் பனியன் போட்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய தாய்மாமன்.

“ரக்பி ஆடி இன்னா கண்ட? ரெண்டு வருசம் பந்தத் தூக்கிக்கினு ஓடின. ஒருத்தி காலப் புடிச்சு இழுத்தா, முட்டி போச்சு. கோச்சே உன்னை ஸ்கோர் எழுதத்தானே கூப்புட்டாரு?”

“எழுத வேற ஆளா இல்ல? எட்டு மாசமா மணல்ல ஓடிக்கினு கீறேன். இன்னிக்கி செலக்‌ஷன்ல அதப் பாக்கட்டும். பாத்துட்டு வேணாம்னு சொல்லட்டும்.”

“மறுபடி முட்டி போச்சுன்னா?”

“என் முட்டி மாமா. நான் அழுதுட்டுப் போறேன்.”

“அன்னிக்கி நீ மட்டுமா அழுத?”

மைதானம் இருக்கும் நந்தனத்தில் அவள் எழுந்தாள். மாமாவும் எழுந்தார்.

“உனக்கு தி.நகர் டிக்கெட்டாச்சேபா?” என்றார் கண்டக்டர்.

“இருக்கட்டும்” என்று அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார் மாமா. “நீ வா. வேணாம்னு சொல்றவன் என் மூஞ்சியப் பாத்து சொல்லட்டும்.”