மடியில் முட்டையோடு வந்திருப்பவர்களே!

மேடையில் வீற்றிருக்கும் தலைமையாசிரியர் அம்மையார் அவர்களே, நகரசபைத் தலைவர் அவர்களே, மடியில் ஆளுக்கொரு முட்டையோடு அமர்ந்திருக்கும் ஊர்ப் பெருமக்களே! அனைவருக்கும் வணக்கம். தயவுசெய்து யாரும் கை தட்டிவிடாதீர்கள். முட்டை உருண்டுவிடும்.

உயிரியல் ஆசான் ஒலெகாரியோ பெந்தாங்கூர் மறைந்துவிட்டார். அழத்தான் வந்தேன், ஆனால் அவரை நினைத்தால் சிரிப்புதான் முந்திக்கொள்கிறது. அடுத்த அறையில் வேதியியல் நடத்தியவள் நான். என் கண்ணாடிக் குடுவைகளைக் கேட்காமலே எடுத்துப்போய்த் தவளை முட்டை வளர்த்த மனிதரை வேறெப்படி நினைப்பது?

முட்டை என்றால் நமக்கு என்ன தெரியும்? பொரித்துத் தின்னத் தெரியும்! ஓடை நாணலில் நத்தை இட்டுப்போன ரோஜா நிற முட்டைக் கொத்தை நமக்குக் காட்டியவர் யார்? ஒலெகாரியோ! கடற்கரையில் குப்பை என்று நாம் எட்டி உதைத்த கறுப்புத் தோல்பையை எடுத்து, "இது திருக்கை மீனோட முட்டைடா. குஞ்சு வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிருச்சு" என்றவர் யார்? ஒலெகாரியோ! அழுங்குபோல ஓடு போர்த்திய முலிதா என்ற விலங்கின் வயிற்றில் ஒரே கருமுட்டை பிரிந்து பிரிந்து, அச்சில் வார்த்தாற்போல எட்டுக் குட்டிகூட ஆகும் என்று சொல்லிவிட்டு, வகுப்பிலிருந்த இரட்டையரைப் பார்த்து, "நீங்க ரெண்டோட நிறுத்திக்கிட்டீங்க, உங்கம்மா தப்பிச்சாங்க" என்றவரும் அவர்தான்!

ஆனால் நெருப்புக்கோழிபோல நம் புல்வெளியில் ஓடித் திரியும் ஞந்தூப் பறவை என்றால் அவருக்கு உயிர். பல பெட்டைகள் ஒரே ஆணின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அத்தனையையும் அடைகாத்து வளர்ப்பது அந்த ஒற்றைத் தகப்பன். கல்யாணமே செய்துகொள்ளாமல் ஊர்ப் பிள்ளைகளைக் கட்டி மேய்த்த இவருக்கு 'ஞந்தூ' என்றே பட்டப்பெயர் வைத்தோம். ரொட்டிக்கடை குமெர்சிந்தோ தினமும் சீண்டுவார்:

"என்ன வாத்தியாரே, எப்போ முட்டை வைக்கப் போறீங்க?"

"நீ எப்போ அடைகாக்கக் கத்துக்கிறியோ, அப்போ!"

போன மாதம் சோயா வயலில் டிராக்டருக்கு மிரண்டோடிய தகப்பன் பறவை திரும்பவேயில்லை. அநாதையான முட்டைகளை அள்ளிவந்து பள்ளிக்கூடத்தில் தன் முட்டை அறையிலிருந்த பொரிப்புப் பெட்டியில் வைத்தார் ஒலெகாரியோ. "இதுங்க வெளிய வர்றதைப் பார்த்துட்டுத்தான் நான் போவேன்" என்றார். அந்த ஒரு வாக்கைத்தான் அவரால் காப்பாற்ற முடியவில்லை.

அவரை அடக்கம் செய்த அன்று புயலில் மின்சாரம் போனது. நீங்கள் என்ன செய்தீர்கள்? ஆளுக்கொரு முட்டையைக் கம்பளியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனீர்கள். மாத்தே பானத்துக்கு வெந்நீர் காயும் அடுப்போரத்தில் வைத்துக் காத்தீர்கள். மின்சாரம் திரும்பி வந்தது. முட்டை வந்ததா? வரவில்லை! "என் முட்டை என் வீட்லதான் பொரிக்கும் டீச்சர். பேருகூட வச்சாச்சு!" என்று கதவைச் சாத்தினார் குமெர்சிந்தோ.

அங்கேதான் தப்புச் செய்தோம். ஆண்டுதோறும் அவர் நடத்திய பாடம் மறந்துவிட்டதா? ஞந்தூக் குஞ்சுகள் ஓட்டுக்குள்ளிருந்தே விசிலடித்து ஒன்றையொன்று கூப்பிடும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் முந்திய முட்டையும் பிந்திய முட்டையும் சேர்ந்து பொரிக்கும். தனி வீட்டிலிருக்கும் முட்டைக்கு யார் குரல் கேட்கும்? ஆகவேதான் பூ வேண்டாம், முட்டையைக் கொண்டுவாருங்கள் என்று வாசல் வாசலாக வந்து கெஞ்சினேன். அதோ, முதல் வரிசையில் தொப்பிக்குள் முட்டையோடு குமெர்சிந்தோ! ஆசானே, இவர் அடைகாக்கக் கற்றுக்கொண்டார். இனி உங்கள் முறை!

இந்த ஓடுகளுக்குள் உயிர் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருந்தால், ஊரே தகப்பனாக நின்று அவற்றை வளர்த்துப் புல்வெளியில் விடுவோம். அவருடைய முட்டை அறையை ஒருநாளும் பூட்ட விடமாட்டோம். இது உறுதி!

இப்போது மௌன அஞ்சலி. எழுந்திருக்க வேண்டாம், முட்டையை அணைத்தபடியே...

யார் அது, விசிலடிப்பது? குமெர்சிந்தோ, உங்கள் தொப்பியா! அதோ, கடைசி வரிசையிலிருந்து பதில்! இதோ இங்கே இன்னொன்று!

அம்மையாரே, மௌனம் முடிந்ததென்று மணியடித்துவிடாதீர்கள். நான் பேசியது போதும். அவர்கள் பேசட்டும்.