தவண்டா தடம்

நம்ம பக்கம் ரயிலு வராத காலம். கரிசக்காட்டுல வெள்ளூத்துப்பட்டின்னு ஒரு ஊரு. அங்க முப்பிடாதின்னு ஒருத்தி இருந்தாளாம். சின்னதுல காய்ச்ச வந்து ரெண்டு காலும் சூம்பிப் போச்சு. கையை ஊணித் தவண்டுதான் போவா, தவண்டுதான் வருவா.

ஒரு கோடையில ஊருக்குள்ள வாந்திபேதி வந்துருச்சு. காலையில பேசிக்கிட்டிருந்தவுக சாயங்காலம் இல்ல. ஊரே ஆடு கோழியோட வண்டி பூட்டிக் காட்டுக்குக் கெளம்பிட்டாக. அவ அண்ணன் வெயிலுமுத்து வாசல்ல நின்னு சொன்னானாம்: "வண்டியில எடமில்ல தாயி. நாளைக்கு வந்து தூக்கிட்டுப் போறேன்."

மறுநா வரல. அதுக்கு மறுநாளும் வரல.

ஊருக்குள்ள மிச்சம் இவ ஒருத்தி. அப்புறம், பேதி கண்டு எந்திரிக்க மாட்டாமக் கெடந்த பதினோரு பேரு. அவுகளையும் போட்டுட்டுத்தான் போயிருந்தாக. கஞ்சிக் கலயத்தை இடுப்புல கட்டிக்கிட்டு வீடு வீடாத் தவண்டாளாம். வாயில கஞ்சித்தண்ணி ஊத்துவா, தொடைச்சு விடுவா, அடுத்த வீட்டுக்குத் தவண்டு போவா. உள்ளங்கைத் தோலு உரிஞ்சும் தவண்டாளாம்.

ஏழு பேரு செத்தாக. ஒவ்வொருத்தரையும் ஓலைப்பாயில கெடத்தி, பாயைத் தன் இடுப்போட கட்டி, கண்மாய்க்கரை வரைக்கும் இழுத்துட்டுப் போனா. குழி தோண்டத் தெம்பில்ல. கையாலயே மண்ணை அள்ளி அள்ளி மூடினா. நாலு பேரு பொழைச்சாக.

நாப்பது நாள் கழிச்சு ஊரு திரும்புச்சு. வெயிலுமுத்து தலையைத் தொங்கப் போட்டு நின்னான்.

"வண்டியில எடமில்லாமப் போச்சு தாயி."

"ஆட்டுக்கு எடம் இருந்துச்சுல்லண்ணே."

அதுக்கு மேல, சாகுற வரைக்கும் அவன்கிட்ட அவ பேசவே இல்லையாம்.

ஊருப் பெரியவுக கூடி, "உனக்குப் பீடம் போட்டுக் கும்பிடுறோம்"னாக.

"நான் சாமி இல்ல, தவண்டு போறவ. தவண்டான்னே கூப்பிடுங்க. நான் பாய் இழுத்த தடத்துல, என்னைய முந்தாம எம் பின்னால வாங்க. யாரு எங்க கெடக்காகன்னு காட்டுறேன்."

ஊரே பின்னால போச்சாம். அவ மூச்சு வாங்க நின்னா, ஊரும் நிக்கும். ஒவ்வொரு மண்மேட்டுலயும் செத்தவுக பேரை அவ சொல்லச் சொல்ல, கூட்டத்துல அவுக சொந்தக்காரவுக யாராச்சும் அந்த மண்ணுலயே உக்காந்துருவாகளாம்.

அந்தப் பாதைக்குப் பேரு தவண்டா தடம். பேரு நல்லால்ல, மாத்துவோம்னு ஒரு தடவை பேச்சு வந்துச்சு. காலு வராதவுக, கண்ணு தெரியாதவுக எல்லாரும் கூடி, "அது எங்க ஆத்தா பேரு, இருக்கட்டும்"னுட்டாக. வருசா வருசம் சித்திரைக் கொடைத் திருவிழாவுக்கு அந்தத் தடத்துல அவுகதான் முன்னால போவாக. யாரும் முந்தக் கூடாது. கூப்பிடு தூரந்தான். ஆனா போய்ச் சேரப் பொழுது அடைஞ்சிரும்.